பந்தின் மேல் போட்ட பழி

புரியாக்கிவ்கா
11 மார்ச் 1973

வசிலினா,

உன் முகவரியை உன் தங்கையிடம் கெஞ்சி வாங்கினேன். ஸபோரிஷியாவில் எஃகு ஆலை விடுதியில் இருக்கிறாயாம். "அவளுக்கு எழுதாத, பிரிக்காமலே கிழிச்சுப் போட்டுருவா" என்றும் சொன்னாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் பெயரில் பத்திரிகையில் வந்த கட்டுரை முழுக்க என் சொற்கள் அல்ல. பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது, உடம்புக்குக் கெடுதல் என்று மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்த மறுவாரமே சர்க்கரை ஆலை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "நீதானே அணித் தலைவி? நீ சொன்னாத்தான் ஊர் நம்பும்" என்றார். மேசையில் தட்டச்சு செய்த தாள் இருந்தது. பக்கத்திலேயே செவிலியர் பள்ளிக்கு எனக்கான பரிந்துரைக் கடிதமும் இருந்தது. அதில் அவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் தேவையில்லை.

"எங்கள் அணியில் ஒரு பெண் இந்த ஆட்டத்தால் வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தாள்" என்ற அந்த வரி எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதே. உன் பெயரைப் போட நான் விடவில்லை. அதையாவது நினைத்துப் பார்.

ராயிசா


ஸபோரிஷியா
24 மார்ச் 1973

ராயிசா,

நம் அணியில் பதினாலு பேர். அதில் கல்யாணம் ஆனவள் நான் ஒருத்திதான். பெயர் எதற்கு?

இனி எழுதாதே.

வசிலினா


ஸபோரிஷியா
3 அக்டோபர் 1989

புரியாக்கிவ்கா சர்க்கரை ஆலை மருத்துவமனைத் தலைமைச் செவிலியர் அவர்களுக்கு,

பதினாறு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. ஒரு சான்றிதழ் வேண்டும்.

நீங்கள் அறிந்திருக்கலாம், இப்போது பெண்கள் மறுபடியும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆலையிலும் ஓர் அணி சேர்ந்திருக்கிறது. பதினாறு பெண்கள். வார்ப்பாலையில் இருப்பவர்கள், சமையற்கூடத்தில் இருப்பவர்கள், ஓவியம் படிக்கும் ஒருத்தி. அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான்.

இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பார்கள். பாரந்தூக்கி ஓட்டினேன். தரையிலிருந்து பதினெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கீழே உருகிய இரும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளையில் ஆண்கள் முற்றத்தில் பந்து உதைப்பார்கள். முதல் வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடம் இறங்கினேன். "ஏய், பொம்பளைக்கு வழி விடுங்கடா" என்று சிரித்தவர்கள், ஒரு மாதத்தில் "அவ எங்க பக்கம்" என்று சண்டை போட்டார்கள்.

1979இல் எங்கள் குடியிருப்புப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தார். பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பார்த்துக்கொண்டேன், ஒன்பது வருடம். அந்தப் பையன்கள் இரண்டு முறை நகரக் கோப்பையை ஜெயித்தார்கள். பாராட்டுப் பத்திரத்தில் இரண்டு முறையும் அந்த ஆசிரியரின் பெயர் இருந்தது. பரவாயில்லை, பந்து எந்தப் பத்திரத்தையும் படித்துவிட்டு உருள்வதில்லை.

இப்போது அப்படி விட முடியாது. லீக்கில் ஆட வேண்டுமானால் அணிக்குத் தகுதி பெற்ற பயிற்சியாளர் வேண்டும். கீவில் நான்கு மாதப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. தானும் ஆடியவர் என்று நிரூபித்தால்தான் சேர்ப்பார்கள். போனேன். அங்கிருந்த அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு பத்திரிகைத் துண்டை என் முன்னால் தள்ளினார். "உங்க ஊர்ல அணி இருந்ததுக்கு எங்ககிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் இதுதான். இதுல உங்க தலைவியே தப்புன்னு எழுதியிருக்காங்களே?"

ஆகவே, அணி இருந்தது, 1970 முதல் 72 வரை நான் அதில் முன்னணியில் ஆடினேன், வின்னித்சியாவில் நாலாயிரம் பேர் முன்னால் இரண்டு கோல் போட்டேன் என்று அணித் தலைவி என்ற முறையில் எழுதி, முத்திரை வைத்து அனுப்பவும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

வசிலினா ஹோர்தியிவ்னா


புரியாக்கிவ்கா
15 அக்டோபர் 1989

வசிலினா,

"அவர்களுக்கு" என்று எனக்கா எழுதுகிறாய்? ஒரே போர்வைக்குள் படுத்து, ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் நாம். திட்டு, காறித் துப்பு, ஆனால் "நீங்கள்" என்று மட்டும் சொல்லாதே.

சான்றிதழ் இதனோடு இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்து நாலாவதை வைத்திருக்கிறேன். ஆனால் இது போதாது என்று உனக்கே தெரியும். அணி இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அந்த அதிகாரி அடுத்து என்ன கேட்பார்? "அப்ப எழுபத்து மூணுல எழுதினது பொய்யா?" என்றுதான் கேட்பார்.

பொய்தான். ஆடியதால் உன் குழந்தை போகவில்லை. அது நவம்பர் மாதம். மைதானத்தில் முழங்கால் அளவு பனி. நாம் பந்தைத் தொட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. இந்த ஊரில் ஒரு ஆளுக்குக்கூட அது தோன்றவில்லை. நாள்காட்டி எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்று கேட்காதே என்று எழுதியதை இன்று நானே சொல்கிறேன். இயக்குநர் தாளை நீட்டியபோது அதில் அந்த வரி இல்லை. "உடம்புக்குக் கெடுதல்னு சும்மா சொன்னா எப்படி? ஒரு உதாரணம் வேணும்" என்றார். என் கண் பரிந்துரைக் கடிதத்தின் மேல் இருந்தது. நீ எனக்கு மட்டும் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாலு வருடம் படித்தேன், பன்னிரண்டு வருடமாக ஊசி போடுகிறேன், ஊரே "எங்க ராயிசா" என்கிறது. எல்லாம் அந்த அரை நிமிடத்தில் வாங்கியது.

அன்று நீ ஆலையில் மூட்டை தூக்கியதைப் பற்றியும் எழுதட்டுமா?

ராயிசா


ஸபோரிஷியா
2 நவம்பர் 1989

ராயிசா,

எழுதாதே.

கால்பந்தால் இல்லை என்று மட்டும் எழுது. வேறு எதனால் என்று எழுதாதே. அது உன்னுடையதல்ல.

நீ மருத்துவமனை வாசலில் என்னைப் பார்த்தாய். மூட்டை தூக்கினேன் என்று மட்டும் உனக்குத் தெரியும். யார் தூக்கச் சொன்னது, ஏன் தூக்கினேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை சர்க்கரை ஆலையில் மூட்டை ஏற்றுபவர்களில் ஒருவன் வரவில்லை. வண்டி தண்டவாளத்தில் காத்து நின்றது. பனாஸ்தான் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். என் புருஷன் என்பதால் எனக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. எல்லார் முன்னாலும், "வசிலினா, ரெண்டு மணி நேரம் நீ கை கொடு. பந்து உதைக்கிறவளுக்கு மூட்டை எம்மாத்திரம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் பிறந்தநாள். அன்றைக்கு மேசையில் வைத்துச் சொல்லலாம் என்று மூன்று வாரமாக வாயைக் கட்டி வைத்திருந்தேன். அந்த ஆண்கள் நடுவில் அதை அவிழ்க்க மனம் வரவில்லை. ஐம்பது கிலோ மூட்டை. மூன்றாவது மூட்டையில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பதினொன்றாவதில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனிடம் வயிற்று வலி என்றேன். அவன் தூக்கச் சொன்னதால்தான் குழந்தை போனது என்று அவனுக்குத் தெரிந்தால், அந்த ஆள் அதோடு எப்படி வாழ்வான்? அப்புறம் உன் கட்டுரை வந்தது. மாமியார் தெருவில் நின்று, "பந்தாடிப் பந்தாடி என் பேரப்பிள்ளையக் கொன்னுட்டா பாவி" என்று கத்தினாள். பனாஸ் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தையில் நான் அவள் வாயை அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் அவன் உடைந்திருப்பான். பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் போனேன்.

பதினாறு வருடம் காப்பாற்றிய ஒன்று அது. என்னிடம் மிச்சம் இருப்பதும் அதுதான். தொடாதே.

வசிலினா


புரியாக்கிவ்கா
19 டிசம்பர் 1989

வசிலினா,

நீ சொன்னபடியே கால்பந்தால் இல்லை என்று கீவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அதோடு நிறுத்தியிருப்பேன். டிசம்பர் நாலாம் தேதி வரை நிறுத்தித்தான் இருந்தேன்.

அன்று மூட்டை கட்டும் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பத்தொன்பது வயது. பெயர் வேண்டாம், பெயர் இல்லாமலே ஊருக்குத் தெரியும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதே மாதக் கணக்கு, அதே கூடம், அதே சுவர். டாக்டர் அட்டையில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதி, கையெழுத்துக்காக என் பக்கம் நகர்த்தினார். கர்ப்பிணிகளைப் பாரம் தூக்க வைத்தார்கள் என்று எழுதினால் ஆலை பதில் சொல்ல வேண்டுமே. உன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா? "விளையாட்டில் விழுந்தார்." போய் எடுத்துப் பார்த்தேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எம்மேல தப்பா?" என்று கேட்டாள்.

நான் அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்குப் போய், உன் அட்டையையும் அவள் அட்டையையும் பக்கத்தில் வைத்து, எழுபத்து மூன்றில் நான் எழுதியது பொய், பெண்களைக் கெடுத்தது பந்தல்ல, மூட்டை என்று முழுவதும் எழுதினேன். மாகாணப் பத்திரிகைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பனாஸ் பெயரைப் போடவில்லை. ஆனால் அந்த ஷிஃப்டில் ஒரே ஒரு மேற்பார்வையாளர்தான் இருந்தார்.

உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. உன் கதையை உன்னைக் கேட்காமல் எழுதுவது இது இரண்டாம் தடவை. தெரிந்தேதான் செய்தேன்.

ராயிசா


தந்தி
ஸபோரிஷியா, 28 டிசம்பர் 1989

நிறுத்தச் சொல். உடனே. உனக்கு என்ன உரிமை. வசிலினா


புரியாக்கிவ்கா
20 பிப்ரவரி 1990

வசிலினா,

தந்தி வந்தபோது பத்திரிகை அச்சில் இருந்தது. ஜனவரி ஏழாம் தேதி வந்துவிட்டது. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தலைமைச் செவிலியர் பதவி போய்விட்டது. "நிர்வாகக் காரணம்." எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்து மருந்தகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பேருந்து ஓடாத நாளில் நடக்கிறேன். மேலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். மூட்டை ஏற்றும் வேலையிலிருந்து பெண்களை எடுத்துவிட்டார்கள். எனக்கு மாலை போடுவார்கள் என்று நினைக்காதே. அந்த வேலைக்கான கூடுதல் கூலி போச்சே என்று பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. கடை வரிசையில் ஒருத்தி, "உனக்கென்ன, மருந்து வாசனையில உக்காந்து எழுதுவ. எம்புள்ளைக்கு செருப்பு நீயா வாங்கித் தருவ?" என்று கேட்டாள்.  அந்தப் பத்தொன்பது வயதுக்காரி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்தகம் வரை நடந்து வருகிறாள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

போன வாரம் பனாஸ் வந்தார். அவர் அம்மா போன வசந்தத்தில் இறந்துவிட்டாள். நீ போன அப்புறம் அவர் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, தெரியுமா உனக்கு? தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அவ முகவரி வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"ஒண்ணு சொல்லணும்."

கொடுத்துவிட்டேன். இதற்கும் சேர்த்துத் திட்டு. கோபம் தீரும்போது ஒரு வரி எழுது.

ராயிசா


ஸபோரிஷியா
23 மே 1990

ராயிசா,

கோபம் தீரவில்லை. தீராமலே எழுதுகிறேன்.

ஜனவரியில் கீவிலிருந்து கடிதம் வந்தது, வகுப்பில் இடம் கிடைத்தது. முப்பத்தொரு பேரில் நான் ஒருத்திதான் பெண். உன் புதிய கட்டுரையை அந்த அதிகாரி படித்திருந்தார் போல. பழைய பத்திரிகைத் துண்டைக் கோப்பிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். தெருவில் இறங்கியதும் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. ரொட்டி வாங்கித் தின்றேன். பயிற்சியாளர் சான்றிதழ் இம்மாத ஆரம்பத்தில் கிடைத்தது.

போன சனிக்கிழமை எங்கள் முதல் லீக் ஆட்டம். ஆலை மைதானம்தான். எதிரே பொல்தாவா அணி. முந்நூறு பேர் வந்திருப்பார்கள். அதில் பாதி கேலி செய்ய வந்தவர்கள். இருபது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம். இடைவேளை விசில் அடித்தபோது கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு ஆள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. நிற்கும் நிற்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"பத்திரிகையில படிச்சியா?" என்றேன். பதினேழு வருடம் கழித்து எனக்கு வந்த முதல் வார்த்தை அதுதான்.

"படிச்சேன். ஆனா வசிலினா, அதுல எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல."

புரியவில்லை எனக்கு. நின்றேன்.

"அன்னிக்கு மூணாவது மூட்டையிலயே பாத்தேன். நீ சுவரப் புடிச்சுக்கிட்டு நின்ன. பாவாடையில ரத்தம். வண்டி நின்னுட்டு இருந்துச்சு, எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்புறம் அம்மா பந்து பந்துன்னு கத்தினப்ப..." தொப்பியை மறு கைக்கு மாற்றினான். "எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நான் ஊரை விட்டே வந்தேன் பனாஸ்."

"அதுவும் தெரியும். அதனாலதான் வர முடியல."

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல. கேக்கிற மூஞ்சியா இது? உனக்குத் தெரியாமயே நான் செத்துப் போயிருவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான்."

ராயிசா, அந்த உயரமான கண்ணாடிப் பெட்டியில் பதினாறு வருடம் உட்கார்ந்து, கீழே நெருப்பு ஓடுவதைப் பார்த்தபடி, ஒருவனையாவது காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைத் தின்றுதான் வாழ்ந்தேன். அவன் அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டான். அவனை அடித்திருப்பேன். வேலி இருந்தது.

நடுவர் மைதானத்துக்குள் வந்துவிட்டார். "செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்குது. எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

"நான் இருந்து பாக்கட்டுமா?"

"டிக்கெட் இல்லாத ஆட்டம். யார் வேணா பாக்கலாம்."

பெண்கள் வட்டமாகக் காத்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து, தோற்பதற்காகக் கோபப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். வார்ப்பாலையில் வேலை செய்யும் ஸோர்யானா, "சும்மா நிக்காதீங்க வசிலினா ஹோர்தியிவ்னா, என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான் நாக்கு. மைதானத்தின் பக்கம் திரும்பினேன். "அவங்க ரெண்டாம் நம்பர்காரி இடது காலை நம்பறதே இல்ல. அந்தப் பக்கமாவே போ. போய்க்கிட்டே இரு" என்றேன். போனாள். எழுபதாவது நிமிடத்தில் கோல் போட்டாள். கடைசியில் இன்னொன்று வாங்கி, ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். பனாஸ் கடைசி விசில் வரை நின்றான். திரும்பிப் பார்த்தபோது இல்லை.

உடை மாற்றும் அறையில் ஒருத்தி அந்தக் கிழவர் யார் என்று கேட்டாள். என் கதையை முதல் தடவை நீ பொய்யாக எழுதினாய், இரண்டாம் தடவை உண்மையாக எழுதினாய். இரண்டு தடவையும் என் வாய் மூடித்தான் இருந்தது. அதனால் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நானே சொன்னேன். குழந்தை, மூட்டை, மாமியார், கட்டுரை, சுவர், எல்லாம். பதினாறு பெண்கள். எல்லாரும் கடைசி வரை கேட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஸோர்யானா மட்டும் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ரெண்டு மாசம்" என்றாள். "சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவீங்கன்னு சொல்லல. வேலையிலயும் சொல்லல. இரும்பு வார்க்கற அச்சு தூக்கற எடத்துலதான் இருக்கேன்."

"டீம்ல இருந்து எடுக்கத்தான் போறேன்" என்றேன். "பெத்துட்டு வா. உன் சட்டை நம்பரை வேற யாருக்கும் தர மாட்டேன்." அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு முன்னால் வார்ப்பாலைக்குப் போனேன். அவள் மேற்பார்வையாளர் தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஆண்கள் நாலைந்து பேர். ஸோர்யானாவும் இருந்தாள், தரையைப் பார்த்தபடி. அவளை இன்றிலிருந்து பாரம் தூக்க விடக் கூடாது, காரணத்தை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவன் சிரித்தான். மேற்பார்வையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதச் சொல்ல நீங்க யாரு? அவங்க அம்மாவா?"

"இல்ல" என்றேன். "அவ கோச்."

சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். அவர் பதிவேட்டை எடுத்து அவள் பெயரை வேறு பிரிவுக்கு மாற்றி எழுதும் வரை நின்றேன்.

வசிலினா